மேலே போகும் கணக்கு
(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பின்வரிசையில் சீருடையோடு வந்து உட்கார்ந்திருக்கும் கிராம சுகாதார செவிலியர்களைப் பார்த்துத்தான் இன்று பேசப்போகிறேன். நான் பேசி முடிப்பதற்குள் அங்கே இரண்டு பேராவது போனை எடுத்து ஏதாவது ஒரு என்ட்ரியைப் போட்டு முடித்திருப்பார்கள். எடுங்கள், தவறாக நினைக்கமாட்டேன். அந்த என்ட்ரியைப் பற்றித்தான் பேச்சே.

அழைப்பிதழில் "அடிமட்டப் பொது சுகாதாரப் பணியாளர்களின் தகவல் தொழில்நுட்பத் திறன் மேம்பாடு" என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். கொஞ்சம் சுற்றறிக்கை வாசனை அடிக்கிறது. தலைப்பைக் கொடுத்தவன் நான்தான், அதனால் பழி யார்மீதும் இல்லை. அதைக் கேள்வியாக மாற்றிக்கொள்கிறேன்: ஒரு துணை சுகாதார நிலையத்து நர்சம்மா கம்ப்யூட்டரில் ஏற்றிய கணக்கு, அந்த நர்சம்மாவுக்கே எப்போதாவது உதவியிருக்கிறதா?

1980களில் நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவ அலுவலராகச் சேர்ந்தபோது கம்ப்யூட்டர் என்பது பத்திரிகையில் பார்த்த படம். மாதக் கடைசியில் எல்லாச் செவிலியர்களும் பதிவேடுகளோடு வந்துவிடுவார்கள். தரையில் பாய் விரித்து, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, கார்பன் தாளில் மூன்று பிரதி எழுதுவார்கள். ஒன்று வட்டாரத்துக்கு, ஒன்று மாவட்டத்துக்கு, ஒன்று எங்கள் அலமாரிக்கு. மாவட்டத்துக்குப் போன கணக்கு சென்னைக்குப் போகும். சென்னைக்குப் போன கணக்கு என்ன ஆனது என்று எங்களுக்குத் தெரியாது. எப்போதாவது திரும்பி வந்தால் மெமோவாக வரும்: இலக்கு ஏன் குறைந்தது, ஏழு நாளுக்குள் விளக்கம் தருக. ஒரு செவிலியருக்கு அவருடைய கணக்கு திரும்பக் கிடைத்த ஒரே வடிவம் மெமோதான். இருபது வருஷம் அப்படிப் பழகிய ஒருவர் கணக்கு என்றாலே தற்காப்புக்கு எழுதுவது என்று நினைப்பதில் என்ன தவறு?

அதே காலத்தில், எங்களுக்கு அடுத்த மாவட்டத்தில், வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இருந்த வைரஸ் ஆய்வாளர் ஜேக்கப் ஜானும் அவருடைய குழுவினரும் வட ஆற்காடு மாவட்டத்தில் ஒரு நோய்க் கண்காணிப்பு முறையை நடத்தினார்கள். அரசு மருத்துவர்கள், தனியார் மருத்துவர்கள், சிறிய நர்சிங் ஹோம் வைத்திருந்தவர்கள் எல்லோரிடமும் அச்சிட்ட அஞ்சல் அட்டைகள் கொடுக்கப்பட்டன. குறிப்பிட்ட சில நோய்களில் ஒன்றைப் பார்த்தால், அட்டையில் எழுதித் தபால்பெட்டியில் போட்டுவிட வேண்டும். அவ்வளவுதான். வருகிற அட்டைகளை ஓரிடத்தில் ஒருவர் பார்த்து, ஒரே ஊரிலிருந்து சேர்ந்தாற்போல் அட்டைகள் வந்தால் உடனே தகவல் சொல்வார். அட்டை போட்டவர்களுக்கு மாதந்தோறும் ஒரு செய்தி மடல் திரும்பி வரும்: இந்த மாதம் நம் மாவட்டத்தில் என்ன நோய், எங்கே, எத்தனை. "வட ஆற்காடு மாவட்ட சுகாதாரத் தகவல்" என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் "நதி" என்று வரும். 1998-ல் லான்செட் இதழில், வளரும் நாடுகளுக்கு ஒரு முன்மாதிரி என்று அதைப் பற்றிக் கட்டுரை வந்தது.

இதில் தொழில்நுட்பம் என்று பார்த்தால் தபால் அட்டை. எந்த மருத்துவருக்கும் அதற்காக மூன்று நாள் பயிற்சி கொடுக்க வேண்டியிருக்கவில்லை. வேலைப்பளுவுக்கு நடுவில் ஒரு தனியார் டாக்டர் ஏன் அட்டை எழுதினார்? எழுதியதற்குப் பதில் வந்தது. தன் கிளினிக்குக்கு வெளியே நடப்பது அந்த மடலில் அவருக்குத் தெரிந்தது. நான் பிற்பாடு பார்த்த எத்தனையோ போர்ட்டல்களை இந்த அட்டையோடு ஒப்பிட்டுத்தான் எடை போடுகிறேன். பெரும்பாலானவை தோற்றுவிடுகின்றன.

இப்போது நம் நர்சம்மாவிடம் வருவோம். தமிழ்நாட்டில் 8,700-க்கு மேற்பட்ட துணை சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது விதி. மாநிலத்தில் ஆண்டுக்குப் பல லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. அந்த ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் ஒரு பதிவு உண்டு. அந்தப் பதிவை வைத்திருக்கும், பிக்மி என்று நாம் சுருக்கிச் சொல்லும் மென்பொருள் வந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. கர்ப்பம் உறுதியானதும் 12 இலக்க ஆர்.சி.எச். எண் ஒன்று கிடைக்கும். ஸ்கேனுக்குப் போனாலும் பிரசவத்துக்குப் போனாலும் அதைத்தான் கேட்கிறார்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய், அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது. பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போனாலும் அந்த எண் வேண்டும்.

இந்த மென்பொருளைக் குறை சொல்ல வரவில்லை. அதன் அடிப்படை யோசனை நம் ஊருக்கே உரியது. நம் பெண்கள் கல்யாணம் ஆகி ஓர் ஊரில் இருப்பார்கள். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்புப் போட்டு அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவார்கள். பிரசவம் மூன்றாவது ஊரில் இருக்கிற ஆஸ்பத்திரியில் நடக்கும். மூன்று மாதம் கழித்துக் குழந்தையோடு முதல் ஊருக்குத் திரும்புவார்கள். பழைய பதிவேட்டில் இந்தப் பெண் ஓரிடத்தில் "வெளியூர் சென்றுவிட்டார்" என்று முடிந்துவிடுவாள். இன்னோரிடத்தில் "வெளியூரிலிருந்து வந்தவர்" என்று ஏழாம் மாதத்திலிருந்து திடீரென்று தொடங்குவாள். அவளுக்கு முதல் மாதங்களில் ரத்த அழுத்தம் என்ன, ஹீமோகுளோபின் என்ன என்று இரண்டாவது செவிலியருக்குத் தெரியாது. ஒரே எண் அவளோடு கூடவே போகும் என்றால் அது பெரிய காரியம். வளைகாப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்ட மென்பொருள் என்று வெளிநாட்டு நண்பர்களிடம் நான் பெருமையடித்துக்கொண்டதுண்டு.

ஆனால் அந்தப் பெருமையைச் செவிலியர்களிடம் யாராவது சொன்னோமா? பயிற்சியில் நாங்கள் சொன்னது: இந்தக் கட்டத்தில் இதை நிரப்பு, பச்சை வந்தால் சரி, சிவப்பு வந்தால் தப்பு, கடைசியில் சப்மிட் அழுத்து. சப்மிட்டோடு பயிற்சி முடிந்துவிடும்.

அந்தப் பயிற்சிகள் எப்படி நடந்தன என்பதையும் சொல்ல வேண்டும். நானும் நடத்தியிருக்கிறேன், அதனால் என்னையும் சேர்த்தே சொல்கிறேன். மாவட்டத் தலைநகரில் ஒரு மண்டபம். எண்பது பேர். ஒரு புரொஜெக்டர். சென்னையிலிருந்து வந்த இளைஞர் திரையில் அம்புக்குறியை நகர்த்தி நகர்த்திக் காட்டுவார். பதினோரு மணிக்கு வடையும் டீயும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, பயணப்படி படிவத்தில் கையெழுத்து. மாலை நாலு மணிக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். "எண்பது பேருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது" என்று நான் மேலே அறிக்கை அனுப்புவேன். அந்த எண்பது பேரில் ஒருவர்கூட அன்றைக்கு ஒரு மவுஸைத் தொடவில்லை.

பிறகு என்ன ஆனது? வட்டாரம் வட்டாரமாகச் சுற்றிப் பார்த்தபோது என்ட்ரிகள் ஒழுங்காக ஏறியிருந்தன. ஒரு செவிலியரிடம் பாராட்டிச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "என் பையன்தான் சார் போடறான், டென்த் படிக்கிறான்" என்றார். இன்னொருவர் ஊர் பிரவுசிங் சென்டரில் பெயருக்கு இத்தனை ரூபாய் என்று கைக்காசு கொடுத்துக்கொண்டிருந்தார். மூன்றாமவர் பகலில் சர்வர் கிடைக்காது என்பதால் இரவு பதினோரு மணிக்கு மேல் உட்கார்ந்து ஏற்றிக்கொண்டிருந்தார். பணியாளர் திறன் என்று நாங்கள் கோப்பில் எழுதி வைத்திருந்தது உண்மையில் ஒரு பத்தாம் வகுப்புப் பையனின் திறன்.

வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் மண்டபத்தை விட்டேன்.

ஒரு மேஜை, ஒரு லேப்டாப், நான்கு செவிலியர்கள், அவர்கள் கையில் அவர்களுடைய சொந்தக் கர்ப்பிணிப் பட்டியல். இப்படி உட்கார்ந்தோம். பட்டியலை எக்ஸெல்லில் அடித்தோம். நான்கே தலைப்பு: பெயர், தெரு, கடைசி மாதவிடாய்த் தேதி, செல் நம்பர். பிரசவத் தேதி கணக்கிட ஒவ்வொரு நர்சம்மாவுக்கும் மனப்பாடமான வாய்பாடு உண்டு, மாதத்தில் மூன்றைக் கழி, நாளில் ஏழைக் கூட்டு என்று. எக்ஸெல்லில் தேதியோடு 280-ஐக் கூட்டினால் போதும் என்று காட்டினேன். ஒரு கட்டத்தில் எழுதி, மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் தேதிகள் வந்து விழுகின்றன. "அட" என்றார்கள். முதன்முதலாக ஒரு பயிற்சியில் நான் அந்த "அட"வைக் கேட்டேன்.

பிறகு தேதி வாரியாக வரிசைப்படுத்தினோம். அங்கேதான் ஒரு வேடிக்கை. ஒரு பெண்ணுக்குப் பிரசவத் தேதி பிப்ரவரி 12 என்று காட்டியது. அந்த ஊர்ச் செவிலியர் தலையை ஆட்டினார்: "தப்பு சார். இந்தப் பொண்ணுக்குக் கல்யாணமே ஆனி மாசம்தான் ஆச்சு. இந்தக் கணக்குப்படி மே மாசமே உண்டாகியிருக்கணும்." எல்லோரும் சிரித்துவிட்டோம். பதிவேட்டைப் பார்த்தால் 05/08 என்று சரியாகத்தான் இருந்தது, அதாவது ஆகஸ்ட் 5. லேப்டாப் அமெரிக்க வழக்கத்தில் மாதத்தை முன்னால் வைத்து, மே 8 என்று படித்துவிட்டது. உண்மையான பிரசவத் தேதி மே 12. சரியாக மூன்று மாதம் தள்ளி.

அதோடு நிற்கவில்லை. இன்னொருவர் கேட்டார், "ஏன் சார் சில தேதி இடது பக்கமாவும் சில தேதி வலது பக்கமாவும் ஒட்டிக்கிட்டு நிக்குது?" அருமையான கேள்வி. 25/08 என்று அடித்தால் இருபத்தைந்தாவது மாதம் என்று ஒன்று கிடையாதல்லவா, அதனால் எக்ஸெல் அதைத் தேதியாகவே எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாக இடப்பக்கம் ஒதுக்கிவிடும். தேதியாக ஏற்றுக்கொண்டவை எண்களைப்போல வலப்பக்கம் நிற்கும். ஆக, பட்டியலில் பாதி தப்பான தேதி, மீதி தேதியே இல்லை. நான் பல வருஷம் எக்ஸெல் பார்த்தவன், எனக்கு இது கண்ணில் படவில்லை. அந்த இருவர் கண்ணிலும் பட்டதற்குக் காரணம் கம்ப்யூட்டர் அறிவு இல்லை. அந்தப் பெண்களை அவர்களுக்குத் தெரியும். எந்தப் பெண் தைப்பூசத்துக்கு முந்தின வாரம் குளித்தாள், எவள் ஆடிக்கு அம்மா வீட்டில் இருந்தாள் என்பதெல்லாம் அவர்கள் விரல்நுனியில் இருக்கிறது. அந்த அறிவை வெளியே நிறுத்திவிட்டு, கட்டத்தை மட்டும் நிரப்பச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அன்று மாலை ஒவ்வொருவரும் அடுத்த முப்பது நாளில் பிரசவம் ஆகப்போகிறவர்களின் பட்டியலைத் தெருவாரியாக எடுத்துக்கொண்டு போனார்கள். மறுமாதம் இரண்டு பேர் தாங்களாகவே கூடுதலாக ஒரு தலைப்புப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். ஒருவர் ஹீமோகுளோபின் போட்டிருந்தார். மற்றவர் போட்டிருந்த தலைப்பு: "வீட்டுக்காரர் எங்கே." கணவர் திருப்பூரிலோ வளைகுடாவிலோ இருந்தால் ராத்திரியில் வலி வரும்போது 108 ஆம்புலன்ஸை யார் கூப்பிடுவார்கள் என்பது அவருடைய கவலை. எந்த மென்பொருளிலும் நான் அந்தக் கட்டத்தைப் பார்த்ததில்லை.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. போர்ட்டல் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கேட்கும். நமக்குக் குடும்பப் பெயர் ஏது, இனிஷியல்தானே. முத்துலட்சுமி என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் "கே எஸ் எச்" போட்டு எழுதுவார், இன்னொருவர் "எக்ஸ்" போடுவார், மூன்றாமவர் முத்துவையும் லட்சுமியையும் இடம் விட்டுப் பிரிப்பார். ஆதாரில் அப்பா இனிஷியல், வங்கிக் கணக்கில் கணவர் இனிஷியல். கம்ப்யூட்டருக்கு இவர்கள் எல்லோரும் வேறு வேறு ஆட்கள். ஒரு பெண்ணுக்கு இரண்டு எண் விழும், பணம் எதற்கும் வராது. அந்தப் பெண் போர்ட்டலைத் திட்டமாட்டாள், நர்சம்மாவைத்தான் திட்டுவாள். தமிழில் எழுதினால் தீருமே என்று கேட்பீர்கள். தமிழிலும் நாம் கெடுத்துத்தான் வைத்திருந்தோம். எங்கள் அலுவலகங்களில் வெகுகாலம் ஆளுக்கொரு எழுத்துருவில் அடித்தார்கள். ஒரு கம்ப்யூட்டரில் தமிழாகத் தெரிவது அடுத்ததில் கோடும் புள்ளியுமாகத் தெரியும். 2010-ல் தமிழக அரசு யூனிக்கோடை ஏற்று ஆணை போட்டது. ஆணை போட்டுப் பல வருஷம் ஆன பிறகும் பழைய எழுத்துருவில் பட்டியல் வாங்கி நான் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன். இன்றைக்குச் செவிலியர்கள் போனைப் பார்த்துத் தமிழில் பேசியே எழுத வைக்கிறார்கள். தமிழ்99 விசைப்பலகை தெரிந்தவர்களைவிட அவர்கள் வேகம். அவர்களுடைய இந்தத் திறனுக்கு எந்தப் பயிற்சியும் கணக்கு எழுதிக்கொள்ள முடியாது.

சுகாதார ஆய்வாளர்களை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். டெங்குக் காலத்தில் அவர்கள் படும் பாடு தனி. 2004-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் வாரத்துக்கு ஒருமுறை படிவம் போகும். 2021 ஏப்ரலில் அது நாடு முழுவதும் அன்றாடம் ஏற்றும் இணையத் தளமாக மாறியது. தகவல் வேகமாக மேலே போகிறது, நல்லதுதான். ஆனால் டெங்கு மேலே போய் வருகிற நோய் இல்லை. ஏடிஸ் கொசு பிறந்த இடத்திலிருந்து பெரும்பாலும் சில நூறு மீட்டருக்கு மேல் பறப்பதில்லை. ஆகவே காய்ச்சல் கண்டவர்களின் லைன் லிஸ்டை வயதுவாரியாக வைத்திருந்து ஆவதொன்றும் இல்லை. தெருவாரியாகப் பிரித்துவிட்டால் மறுநாள் காலையில் எந்தத் தெருவில் தொட்டியைக் கவிழ்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும். வடிகட்டு, வரிசைப்படுத்து, எண்ணு. இந்த மூன்றும் தெரிந்தால் போதும், மீதியை அவர் பார்த்துக்கொள்வார். நூறு வீட்டில் எத்தனை கலத்தில் புழு என்கிற பிரெட்டோ குறியீட்டை ஆய்வாளர் காலங்காலமாகக் கையால் போடுகிறவர். அதைத் தெருவாரியாகப் போட்டு, போன வாரத்துக் குறியீட்டைப் பக்கத்தில் வைத்தால் கொசு ஒழிப்புப் பணியாளர் எந்தத் தெருவுக்குப் போகாமலே போனதாக எழுதினார் என்பதும் தெரிந்துவிடும். (இதைச் சொன்னதற்காக எனக்கு அப்போதே நண்பர்கள் குறைந்தார்கள்.)

பக்கத்து நாட்டிலிருந்து ஓர் உதாரணம். இலங்கையில் 1926-லேயே களுத்துறையில் சுகாதாரப் பிரிவு தொடங்கி, ஊருக்கு ஊர் மருத்துவ மாதும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் என்று களத்தை நன்றாகக் கட்டியவர்கள் அவர்கள். கொழும்பில் உள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவனம், ஓஸ்லோ பல்கலைக்கழகத்தின் துணையோடு, பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு மருத்துவத் தகவலியலில் முதுநிலைப் படிப்பு ஒன்றைத் தொடங்கியது. அதில் அவர்கள் கையாண்டது டிஹெச்ஐஎஸ்-2 என்கிற இலவச மென்பொருள். நிறவெறி ஆட்சி முடிந்த தென்னாப்பிரிக்காவில், மாவட்டத்துக் கணக்கை மாவட்டமே பயன்படுத்த வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்தது அதன் முதல் வடிவம். படித்த மருத்துவர்கள் அமைச்சகத்திலும் மாகாணங்களிலும் வேலைக்குத் திரும்பினார்கள். 2020 ஜனவரியில் கொரோனா செய்தி வந்ததும், வெளிநாட்டிலிருந்து வருகிற பயணிகளைப் பதிவுசெய்து பின்தொடர ஒரு முறைமையை அவர்களே அந்த மென்பொருளில் கட்டிவிட்டார்கள். டெண்டர் இல்லை, நிறுவனம் வந்து விளக்கம் காட்டவில்லை. பின்னர் நார்வே உள்படப் பல நாடுகள் அந்த மாதிரியை எடுத்துக்கொண்டன. கற்றுக்கொடுத்த நார்வேயே கற்றுக்கொண்ட நாட்டிடமிருந்து எடுத்தது எனக்குப் பிடித்த பகுதி.

நம்மிடம் ஆள் இல்லையா? சென்னையிலேயே தேசிய நோய்ப்பரவு இயல் நிறுவனம் இருக்கிறது. களத்து மருத்துவர்களுக்குக் கணக்கைப் படிக்கக் கற்றுக்கொடுக்கிறது. 1939-லேயே பொது சுகாதாரச் சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது, நாட்டில் முதலாவதாக. தனியாக ஒரு பொது சுகாதார இயக்குநரகம் வைத்திருக்கிறோம், பல மாநிலங்களுக்கு அது இல்லை. இருந்தும் ஒரு போர்ட்டலில் ஒரு கட்டத்தைச் சேர்க்க வேண்டுமென்றால் வட்டாரத்திலிருந்து மாவட்டத்துக்கு, மாவட்டத்திலிருந்து சென்னைக்கு, சென்னையிலிருந்து சில சமயம் டெல்லிக்கு எழுத வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒருவராவது, புள்ளியியலாளரோ மருந்தாளுநரோ ஆர்வமுள்ள ஒரு செவிலியரோ, தன் வட்டாரத்துக் கணக்கைத் தானே பிரித்து மேயத் தெரிந்தவராக இருந்தால் பாதித் தொல்லை தீரும். எல்லோரும் எல்லாம் கற்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் அவரைத் தெரிந்திருந்தால் போதும்.

பயிற்சியில் நாங்கள் தொடாமலே விட்ட இன்னொன்று ரகசியம். கொரோனா நாட்களில் தொற்றாளர் பட்டியல்கள் பெயர், வீட்டு எண், செல் நம்பரோடு வாட்ஸ்அப் குழுக்களில் பறந்தன. பட்டியல் வெளியான மறுநாள் சில வீடுகளுக்குப் பால்காரர் வரவில்லை. அந்தப் பட்டியலை அனுப்பியவர் தீய எண்ணத்தில் அனுப்பவில்லை. அவசரத்தில், குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் அனுப்பினார். எச்.ஐ.வி. உள்ளவரின் விவரத்தை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக்கூடாது என்று 2017-லேயே சட்டம் வந்துவிட்டது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. இவற்றின் பெயரைக்கூடக் களத்தில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இன்னொரு பக்கம், மகப்பேறு உதவித்தொகை வந்திருக்கிறது, ஓடிபி சொல்லுங்கள் என்று சுகாதாரத் துறையிலிருந்து பேசுவதுபோல் பேசிப் பிள்ளைபெற்ற பெண்களை ஏமாற்றுகிறார்கள். நர்சம்மாவே ஓடிபி கேட்டுப் பழக்கிய பெண், மோசடிக்காரன் கேட்டாலும் சொல்லத்தானே செய்வாள்? நாங்கள் எங்கே ஓடிபி கேட்போம், எங்கே கேட்கவே மாட்டோம் என்று அவளுக்கு முதலிலேயே சொல்லிவைப்பதும் தகவல் தொழில்நுட்பத் திறன்தான். எக்ஸெல்லைவிட அவசரமானது என்றுகூடச் சொல்வேன்.

பின்வரிசையில் ஒரு முணுமுணுப்புக் கேட்கிறது. தெரியும். "எல்லாம் சரி சார், பதிவேடும் எழுதணும், ஆன்லைனிலும் ஏத்தணும், வாட்ஸ்அப்பில் போட்டோவும் அனுப்பணும்." நியாயம். ஒரு கர்ப்பிணியின் பெயர் மொத்தம் எத்தனை இடத்தில் எழுதப்படுகிறது என்று ஒருமுறை ஒரு துணை நிலையத்தில் உட்கார்ந்து எண்ணினேன். ஏழாவது இடம் வந்தபோது எண்ணுவதை நிறுத்திக்கொண்டேன். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் வீட்டுவாசலுக்கே வந்து பார்க்க வழிசெய்தது. நல்ல திட்டம், அதற்கும் ஒரு செயலி. காசநோய்க்கு நிக்ஷய், தடுப்பூசிக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் தேவையானது. ஒரே பெண்ணின் ஒரே போனில் எல்லாம் சேர்ந்து உட்காரும்போது அவர் எப்போது வீடுகளுக்குப் போவார்? ஒரு புதிய செயலி வரும்போது ஒரு பழைய பதிவேட்டை நிறுத்தி எழுத்தில் ஆணை போட வேண்டும். வாய்மொழியாக நிறுத்தச் சொன்னால் யாரும் நிறுத்தமாட்டார்கள், தணிக்கைக்காரர் வந்து பதிவேடு கேட்பார் என்ற பயம் இருக்கிறது. நான் பணியில் இருந்தபோது ஒரு பதிவேட்டை நிறுத்த மூன்று வருஷம் எழுதினேன். நிற்கவில்லை. நான்தான் ஓய்வுபெற்றேன்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசவில்லையே என்று அவைத் தலைவர் வருத்தப்படலாம். தேதியை மாற்றிப் படித்த லேப்டாப்பை முதலில் சரிசெய்துகொள்வோம்.

இன்று இங்கே துணை இயக்குநர்கள் சிலரும் பயிற்சி நிலையத்தார் சிலரும் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்துவிட்டு உட்காருகிறேன். அடுத்த கணினிப் பயிற்சிக்கு நீங்கள் ஆணை எழுதும்போது அதில் இரண்டு வரி சேருங்கள். பயிற்சிக்கு வரும் ஒவ்வொருவரும் தம் துணை நிலையத்தின் சொந்தப் பட்டியலைக் கையோடு கொண்டுவர வேண்டும். மாலையில் திரும்பும்போது அந்தப் பட்டியலிலிருந்து மறுநாள் காலை எந்த வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்பதைத் தாமே எடுத்து, தாளில் எழுதிக்கொண்டு போக வேண்டும். அதற்காகப் பயிற்சி ஒரு மணி நேரம் கூடினால் கூடட்டும், பஸ்ஸுக்கு மட்டும் ஏற்பாடு செய்துவிடுங்கள்.